ஊருக்குக் காவல் துப்பாக்கியா? உறவா?

திராட்சைப் பந்தலில் பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு, இந்தப் பனியிலும் தமிழ் கேட்க உட்கார்ந்திருக்கும் சுருளிப்பட்டிப் பெரியோர்களே, தாய்மார்களே!

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே, "வள்ளுவரே துப்பாக்கியைப் பாடியிருக்கிறார்" என்று ஒரு குண்டு போட்டார். உண்மைதான். வான்சிறப்பு அதிகாரத்திலே, பன்னிரண்டாவது குறளிலே அந்தச் சொல் இருக்கு. ஆனா அங்கே அதுக்கு அர்த்தம் 'உணவை உண்டாக்கி' என்பது. வள்ளுவருடைய துப்பாக்கி மழை! ஐயா சொல்லுற துப்பாக்கி, துருக்கி மொழியிலிருந்து வந்த சொல். அது சோறு போடும். இது ஆளைப் போடும்! (சிரிப்பு, கைதட்டல்) இந்தப் பள்ளத்தாக்கை வாழ வைக்கிறது எந்தத் துப்பாக்கி? 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலே தேங்குதே, அந்தத் துப்பாக்கி!

அடுத்து வந்த தம்பி வரலாறு பேசினார். "1878இல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டு நம்மை வெறுங்கையாக்கினான். 1931இல் கராச்சி காங்கிரஸ், ஆயுதம் வைத்துக்கொள்ள உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது" என்றார். சரியான செய்தி. ஆனா தம்பி பாதியிலே இறங்கிட்டாரே! 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையிலே எச்.வி.காமத் அந்த உரிமையை அடிப்படை உரிமைகளிலே சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டு வந்தார். அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. சபையும் தள்ளிவிட்டது. வெள்ளைக்காரன் மறுத்தது ஆதிக்கம். நாமே யோசித்து வேண்டாம் என்றோமே, அது விவேகம்.

இப்போ எதிரணியிலே பேசின அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்வியை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். "பிள்ளைகள் வெளியூரிலே. தோட்டத்து வீட்டிலே வயசான ரெண்டு பேர். 2025இல் சிவகிரிப் பக்கம் அப்படி ஒரு தம்பதியைக் கொன்று நகையை எடுத்துட்டுப் போனாங்களே, அவங்க கையிலே ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?" என்று கேட்டார். நெஞ்சைப் பிடிக்கிற கேள்வி.

அம்மா, திருடன் முன்கூட்டித் தந்தி அடித்துவிட்டா வருகிறான்? அவன் வரும்போது அவர் தூக்கத்திலே இருக்கார். துப்பாக்கி பீரோவிலே இருக்கு. பீரோ சாவி பாட்டி முடிச்சிலே இருக்கு. கண்ணாடி எங்கே இருக்கு என்று ரெண்டு பேருக்குமே தெரியாது! (சிரிப்பு) கடைசியிலே அந்தத் துப்பாக்கியும் திருடனுக்கு ஒரு வரவு. தோட்டத்து வீட்டுக்குத் தேவை தோட்டா இல்லைங்க. வெளிச்சம் வேண்டும், ராத்திரி ரோந்து வேண்டும், சத்தம் போட்டால் ஓடி வருகிற பக்கத்துத் தோட்டக்காரன் வேண்டும்.

காட்டுப்பன்றி வருது, அதுக்காகவாவது கொடுங்கள் என்கிறார்கள். பன்றிக்கு வாங்கின துப்பாக்கி பங்காளிக்குத் திரும்ப எத்தனை நாளாகும்? வரப்பிலே ஒரு சாண், தண்ணி முறையிலே அரை மணி நேரம், இதுக்கே மண்வெட்டியைத் தூக்குகிறோமே! மண்வெட்டியை ஓங்கினவன் கையைப் பிடிக்க நாலு பேர் இருக்கான். சுட்ட தோட்டாவை எவன் பிடிப்பான்?

அந்தக் கோபம் தன் மேலேயே திரும்பினால்? அமெரிக்காவிலே துப்பாக்கி இருக்கிற வீடுகள் நிறைய. 2023இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். அதிலே 27,300 பேர், திருடன் சுட்டுச் செத்தவர்கள் இல்லை, தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள்! நம்ம ஊரிலே மனசு உடைஞ்சு பூச்சிமருந்தைக் குடித்தவனை ஆட்டோவிலே போட்டுக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். பிழைக்க ஒரு வாய்ப்பு இருக்கு. தோட்டா அந்த அரை மணி நேரத்தைத் தராது.

1989ஐ இங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க முடியாது. போடியிலே சாதிக் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. அன்றைக்கு வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்திருந்தால், நடுவர் அவர்களே, நினைத்துப் பாருங்கள்! (அமைதி) இன்னொன்று. துப்பாக்கி எல்லோருக்கும் சமமாகவா கிடைக்கும்? பணமும் செல்வாக்கும் உள்ளவன் வீட்டு வாசலுக்குத்தான் முதலிலே வரும். அப்புறம் கூலிக்காரன் கூலியை எப்படிக் கேட்பான்?

குடகைப் பார் என்றார் தம்பி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து குடகர்களுக்கு உரிம விலக்கு உண்டு. கைல்போது திருவிழாவிலே துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அது என்ன பூ தெரியுமா? நம்ம செங்காந்தள்! தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாடு அது. கடையிலே துப்பாக்கி வாங்கலாம். கட்டுப்பாட்டை எந்தக் கடையிலே வாங்குவீர்கள்?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு கேள்வி. தேர்தல் வந்தால், உரிமம் உள்ள துப்பாக்கியைக்கூட ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமா இல்லையா? துப்பாக்கிதான் பாதுகாப்பு என்றால், பதற்றமான நேரத்திலேதானே அதைக் கையிலே கொடுக்கணும்? ஏன் வாங்கி வைக்கிறார்கள்? அரசாங்கத்துக்கே தெரியும், நடுவர் அவர்களே!

2023 மே மாதம் கம்பம் தெருவுக்குள் அரிக்கொம்பன் வந்தானே, அப்போ இந்தப் பள்ளத்தாக்கு என்ன செய்தது? ஓர் உயிர் போனது. அதை நான் மறைக்கவில்லை. ஆனா 144 போட்டார்கள். மைக்கிலே சொன்னார்கள். சனம் கதவைச் சாத்தியது. தெரிந்தவன் தெரியாதவனைக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் வராதே" என்று சொன்னான். ஜூன் 5ஆம் தேதி, தெரிந்த கையிலே இருந்த ஒரு துப்பாக்கி சுட்டது, மயக்க ஊசியை! யானையும் பிழைத்தது. ஆளுக்கொரு துப்பாக்கி இருந்து ஆளுக்கொரு பக்கம் சுட்டிருந்தால், மிரண்ட யானை எத்தனை பேரை மிதித்திருக்கும்?

துப்பாக்கி, வைத்திருப்பவனுக்குத் தைரியம். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயம். ஒருத்தன் பயந்தால் அவனும் ஒன்று வாங்குவான். எல்லோரும் வாங்கின பிறகு ஊர் இருக்காது, பாசறைதான் இருக்கும். ஆகவே ஊருக்குக் காவல் உறவே, உறவே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன். (கைதட்டல்)