எடை குறைகிறதா? டானிக் வாங்குமுன் ஒரு வார்த்தை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஒரு மருத்துவர் ஆற்றிய உரை)

பீங்கான் தொழில் படித்து நாலா திசையும் போய் இன்று ஊர் திரும்பியிருக்கும் நண்பர்களே, படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே,

பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே விஷயம்: காரணம் தெரியாமல் உடம்பு இளைப்பது.

பத்தியம் இருந்து இளைத்தால் கவலையில்லை. சும்மா இருக்கையிலேயே ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் விசாரிக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ. எடை பார்க்கிற பழக்கம் இல்லாதவருக்கு பெல்ட்டின் ஓட்டையே சொல்லிவிடும். நம்ம ஊரில் என்ன சொல்கிறோம்? "சூளைச் சூட்டுல நின்னா இளைக்காம என்ன செய்யும்?" என்கிறோம். அங்கேதான் மாதங்கள் வீணாகின்றன.

நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். படபடப்பு, கைநடுக்கம் இருந்தால் தைராய்டு. விழுங்கச் சிரமம், மலத்தில் ரத்தம் என்றால் புற்றுநோய் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். முதியவர்களுக்குப் பல் போனதும் மனச்சோர்வும்கூடக் காரணமாகலாம். அதை யாரும் கேட்பதே இல்லை.

உங்கள் தொழிலுக்கென்று தனியாக ஒன்று உண்டு. குவார்ட்ஸ் மூட்டையைப் பிரித்து பால்மில்லில் கொட்டும்போதும், காய்ந்த வார்ப்பைத் தேய்க்கும்போதும், தரையை உலர்வாகப் பெருக்கும்போதும் சிலிக்கா தூசி கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. வருஷக்கணக்கில் அது படிந்தால் சிலிக்கோசிஸ். அதைக் குணமாக்க மருந்தில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கும் இத்தூசி காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் அறிவித்தது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் அபாயமும் பல மடங்கு. இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, கூடவே எடை இறக்கம் என்றால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் நிழலும் காசநோய் நிழலும் சில சமயம் ஒன்றுபோலத் தெரியும். தூசி நிழலைக் காசம் என்று நினைத்து மாத்திரை கொடுப்பதும், காசத்தைத் தூசி என்று விட்டுவிடுவதும் நடக்கக்கூடியவை. சளியில் கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனை சில மணி நேரத்தில் முடிவு தருகிறது. அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் டாக்டரிடம் "கம்பெனி வேலை" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? "குவார்ட்ஸ் தூசியில் இத்தனை வருஷம் இருந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாச் சோதனையும் செய்தும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் காரணம் பிடிபடாது. அதற்காக விட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி போய் எடை பார்க்க வேண்டும்.

காசநோய் என்றே உறுதியானாலும் சாப்பாடும் மருந்தைப் போலத்தான். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்ததாம். தமிழ்நாட்டிலும் 2022 முதல், காசநோய் கண்டவுடனே மிகவும் மெலிந்தவர்களைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் திட்டம் நடக்கிறது.

பந்தி தயார் என்று சைகை காட்டுகிறார்கள். மிச்சத்தை இலை முன்னால் கேளுங்கள், சொல்கிறேன்.