நூறு முறை விழுந்தவன்

(பட்டிமன்றத் தலைப்பு: வீடியோ கேமில் வரும் கடினமான வாள்போர், இளைஞர்களை வளர்க்கிறதா? வீணாக்குகிறதா? - ‘வளர்க்கிறதே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் பெருந்தகை அவர்களே! எதிரணியில் வாளை உருவிக்கொண்டு வீற்றிருக்கும் நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டோடு உட்கார்ந்து, சாம்பார் ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக் கொண்டிருக்கும் அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் கேட்டாங்க, “தமிழ்ப் பேராசிரியருக்கு வீடியோ கேமில் என்ன வேலை?” என்று. நியாயமான கேள்வி. நான் புறநானூற்றுப் போர்க்களத்தை வருஷக்கணக்கா வகுப்பில் நடத்துறவன். ஆனா, காய்கறி நறுக்குற கத்தியைத் தவிர வேறு ஆயுதம் தொட்டதில்லை. அதையும் வீட்டில் உத்தரவு வந்தால்தான் தொடுவேன். (சிரிப்பு)

நான் விளையாடினவன் இல்லை ஐயா, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். என் மகன் ஆடுற விளையாட்டுக்குப் பேர் ‘செகிரோ’. ஜப்பானில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது. 2019 மார்ச் மாதம் வெளிவந்தது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அஷினா என்ற கற்பனை நாட்டில் கதை நடக்குது.

நம்ம சினிமாவில் கதாநாயகன் முதல் சண்டையிலேயே நாற்பது பேரைத் தூக்கி வீசுவான். இங்கே முதல் பெரிய சண்டையில் கதாநாயகனுக்கு இடது கை போயிடும். நீங்க திறமையா ஆடி ஜெயிச்சாலும் போகும்! ‘செகிரோ’ என்றால் ஒற்றைக் கை ஓநாய் என்று பொருள். பட்ட அடியே அவனுக்குப் பேர்.

“இவ்வளவு கஷ்டமா இருந்தா யாரு வாங்குவா?” என்று எதிரணி நண்பர் கேட்டார். 2023-க்குள் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2019 டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில், ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதும் வாங்கியது. இத்தனைக்கும் எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கிற வசதியே அதில் கிடையாது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். கருணை மதிப்பெண் இல்லை! (கைதட்டல்)

அப்படி என்ன ருசி அந்த வாள்போரில்? கேளுங்க. எதிரிக்கு உயிர் என்று ஒரு அளவு, நிலை என்று இன்னொரு அளவு. நிலை என்றால் அவன் தடுமாறாம நிற்கிற நிற்பு. அவன் வாள் நம்ம மேல விழுற அந்த நொடியில், முன்னாடியும் இல்லாம பின்னாடியும் இல்லாம, நம்ம வாளால் தட்டி விடணும். ‘டங்’ என்று ஒரு சத்தம். பொறி பறக்கும். அவன் நிலை கொஞ்சம் ஆடும். அப்படி ஆட்டி ஆட்டி நிலையை உடைச்சா, ஒரே வெட்டில் முடிக்கலாம். பயந்து தள்ளிப் போய் நின்னா? அவன் மூச்சு வாங்கி மறுபடி நிமிர்ந்துடுவான். ஓடுறவனுக்கு அங்கே வெற்றி இல்லை.

இன்னொன்று, நெஞ்சுக்கு நேரா ஈட்டி வருது. என்ன செய்வோம்? பின்னால் குதிப்போம். செகிரோவில் அதற்கு ஒரு வித்தை கத்துக்கலாம். வர்ற ஈட்டியை நோக்கி முன்னால் ஒரு அடி வச்சு, அதைக் காலால் மிதிச்சு அமுக்கணும். பயம் வருகிற திசையிலேயே அடி எடுத்து வைக்கிறது! திருவள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்று ஒரு அதிகாரமே வைத்தார். அதற்கு இதை விடச் செய்முறைப் பயிற்சி உண்டா? (கைதட்டல்)

இப்ப எங்க வீட்டுக்கு வாங்க. என் மகனுக்கு 23 வயது. சி.ஏ. தேர்வு எழுதினான். தேறவில்லை. அதை எங்ககிட்ட பத்து நாள் மறைச்சான். தெரிஞ்ச அன்றைக்கு நான் பேசின பேச்சு இருக்கே, இந்த மேடையில் கூட அப்படிப் பேசினதில்லை. “உனக்கெல்லாம் எங்கேடா வரப்போகுது?” என்று கேட்டேன். அதோடு அவன் என்னிடம் பேசுவதை நிறுத்திட்டான்.

ஒரு ராத்திரி பதினொரு மணி. அவன் அறையில் ‘டங் டங்’ என்று சத்தம். திட்டத்தான் போனேன். கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற வீரனோடு சண்டை. அந்தக் கையை வெட்டினவனே அவன்தான். பையன் தோற்றான். திரையில் சிவப்பா ஒரு எழுத்து. “என்னடா எழுத்து?” “சாவுப்பா.” “நல்ல நேரத்துல நல்ல எழுத்துடா!” (சிரிப்பு)

மறுபடி எழுந்தான், மறுபடி செத்தான். நான் பார்க்கப் பதினோரு தடவை. தாங்க முடியாம, “இந்தத் தடவை எதனால செத்தே?” என்று கேட்டேன். பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: “அவன் குதிச்சு வந்து வெட்டிட்டு, உடனே குத்துவான்பா. குத்துறதைப் பெருக்கி வெட்டுறதா நினைச்சு நான் எகிறிட்டேன். என் அவசரம்.”

நடுவர் அவர்களே, எனக்குச் சுருக்கென்றது. தன் தோல்விக்கு இவ்வளவு தெளிவாக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை, தேர்வில் தோற்றதற்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் “எவ்வளவு மார்க்கு?” என்று கேட்டேனே தவிர, “எந்த இடத்துலப்பா விட்டே?” என்று கேட்டதே இல்லை!

அந்தக் கதையில் ஹன்பே என்று சாகாத வீரன் ஒருத்தன் உண்டு. ‘வெட்டிப் பழகிக்கோ’ என்று தன்னையே கொடுக்கிறான். நூறு தடவை தப்பு செஞ்சாலும் ‘உனக்கெல்லாம் எங்கே வரும்’ என்று கேட்பதில்லை. நான் கேட்டேன். பெத்த அப்பன் கேட்டேன்.

எதிரணி சொன்ன குறையை நான் மறுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஆடுறது தப்பு. ரத்தம் தெறிக்கிற ஆட்டம். அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்றுதான் தரச்சான்று கொடுத்திருக்காங்க. ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் அதைக் கொடுத்தால், குற்றம் வாளில் இல்லை, கொடுத்த கையில்!

நாலாம் நாள் ராத்திரி பையன் கெனிச்சிரோவை ஜெயிச்சுட்டான். போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரம்மா எழுந்து ஓடி வந்து, “ரிசல்ட் வந்துடுச்சா? பாஸா?” என்றாங்க. (பலத்த சிரிப்பு) அவன் கை இரண்டும் நடுங்கிக்கிட்டு இருந்தது. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் பிடிச்சேன்.

அதற்குப் பிறகு மறுபடி தேர்வு எழுதினான். பாஸா என்று கேட்பீங்க. இல்லை, அதிலும் தேறவில்லை. ஆனா, இந்தத் தடவை பத்து நாள் மறைக்கவில்லை. ரிசல்ட் வந்த அன்றைக்கே என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஒரு தாள்லதான்பா போச்சு. எங்கே விட்டேன்னு தெரியும்” என்றான். மறுபடியும் படிச்சுக்கிட்டு இருக்கான்.

தோற்றவனை மறுபடி எழுந்து நிற்க விடுகிறது அந்த வாள்போர். அதை ஒரு இயந்திரம் செய்யுது. நாமும் செய்வோம் என்று கேட்டு, வளர்க்கிறதே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)