முனி அடித்ததா, இருதயம் தடித்ததா?



சென்ற மாதம் பல்லடம் பக்கம் ஒரு கிராமத்திற்கு நாம் போயிருந்தோம். சடுகுடு ஆடிக்கொண்டிருந்த 19 வயதுப் பையன் ஒருவன் திடீரென்று விழுந்து செத்துப்போனானாம். காரணம் கேட்டால், "முனி அடிச்சிருச்சுங்க" என்கிறார்கள். அவனுடைய சித்தப்பாவும் வாலிபத்தில் மூட்டை தூக்கும்போது இப்படியே விழுந்தாராம். ஊரில் இத்தனை பேர் இருக்க, முனி ஒரே குடும்பத்தைத் தேடித் தேடி அடிப்பானேன்?

பிணத்தை அறுத்துப் பார்க்காததால், இன்ன வியாதிதான் என்று நாம் சொல்ல முடியாது. ஜோசியம் நமது தொழிலுமல்ல. ஆனால் இருதயத்தின் தசைச் சுவர் தடித்துப்போகும் வியாதி ஒன்று உண்டு. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 1958இல் லண்டனில் டொனால்ட் டியர் என்ற டாக்டர், திடீரென்று இறந்த வாலிபர்களின் இருதயங்களைச் சோதித்து இதை விவரித்து எழுதினார்.

கவலை இறைத்த குடியானவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். சாலின் தோல் உட்புறமாகத் தடித்துவிட்டால், வெளியே பெரிதாய்த் தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் கொள்ளாது. மாட்டை வேகமாய் ஓட்டினாலோ, சால் நிறையவே நேரமிராது. தடித்த இருதயமும் இப்படித்தான். சிலருக்கு இரத்தம் வெளியேறும் வாயையே தசை அடைக்கிறது.

நல்ல இருதயமுள்ளவன் ஓடினால், 120 இருந்த இரத்த அழுத்தம் 160, 180 என்று ஏறும். வேலை செய்யாத உறுப்புகளுக்குப் போகும் குழாய்கள் மடை அடைத்ததுபோல் சுருங்கிக்கொள்ளும். இந்நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு அழுத்தம் 20 கூட ஏறுவதில்லை. சிலருக்கு இறங்கியே விடுகிறது. சுருங்க வேண்டிய மடைகள் திறந்துகொள்வதும் ஒரு காரணம். மூளைக்கு இரத்தம் போதாமல் மயக்கம் வருகிறது. நாடித் துடிப்பு தாறுமாறானால் சாவும் வரும்.

2024இல் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் சிலர் வழியிலேயே இறந்தார்கள். அத்தனைக்கும் இந்நோயே காரணம் என்று நாம் சொல்லவில்லை. இருதய நோயாளிகள் ஏறவேண்டாம் என்று வன இலாகாவே சொல்லியும், சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஏறுகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

இந்த வியாதி பெரும்பாலும் பரம்பரையாய் வருவது. தாய் தகப்பனில் ஒருவருக்கு அந்தக் கூறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தகப்பனுக்கு ஒன்றும் தெரியாமலே இருந்து பிள்ளைக்கு வருவதுமுண்டு. இருதயத் தசை நோய்க்கு இடந்தரும் ஒரு பரம்பரைக் குறை நம் நாட்டில் 100க்குச் சுமார் 4 பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அது மேல்ஜாதி கீழ்ஜாதி பார்க்கவில்லை.

அந்த வீட்டில் இன்னொரு பையன் இருக்கிறான். முனிக்குக் கிடாய் வெட்டப் பணம் சேர்த்திருந்தார்கள். ஓடும்போது நெஞ்சு அடைக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டோம். பையன் தலையாட்டினான். தகப்பனும் பிள்ளையும் கோவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கவேண்டும். டாக்டர் பக்கத்திலிருக்க, ஓடும் யந்திரத்தில் நடக்கவிட்டு அழுத்தம் பார்க்கவேண்டும். அதுவரை சடுகுடு கூடாது என்றோம்.

"ஏனுங்க, கிடாய்க்கு வெச்ச பணம் பஸ்ஸுக்குப் போதுங்களா?" என்றார் தகப்பனார்.

மிச்சமே இருக்கும் என்றோம்.