நிலமும் பொழுதும்: கருவில் மரபணு பேசும் முறை



கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் ஈயைப் பற்றியும் மீனைப் பற்றியும் ஒரு பேச்சு எதற்கு என்ற வினா எழுவது இயல்பு. உயிரியலார் இவ்விரு சிற்றுயிர்களிடமும் கேட்டு வரும் கேள்வி கவிஞர்களுக்குப் புதியதன்று என்பதே அதற்கு விடை. ஒரே சொல் ஓரிடத்தில் ஒரு பொருளும் பிறிதோரிடத்தில் வேறு பொருளும் தருவது எவ்வாறு? பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. பூவும் பறவையும் அவற்றுக்குப் பின்னரே வைக்கப்பட்டன. உடலை உருவாக்கும் மரபணுக்களுக்கும் நிலமும் பொழுதுமே முதல் என்பது ஆய்வுக்கூடங்களில் தெரியவந்த வரலாறு இங்கே பேசப்படுகிறது.

செய்தித்தாள்கள் 'இன்ன நோய்க்கான மரபணு', 'இன்ன குணத்துக்கான மரபணு' என்று எழுதுவது வழக்கம். ஒரு மரபணு, ஒரு வேலை என்ற எண்ணம் அதனால் மனத்தில் படிந்துவிடுகிறது. இது பெரும் பிழை. ஓர் உடலின் கண்ணிலுள்ள செல்லிலும் குடலிலுள்ள செல்லிலும், சில விலக்குகள் தவிர, இருக்கும் மரபணுத் தொகுதி ஒன்றே. ஏடு ஒன்று, எந்த ஏட்டுப் பக்கம் எங்கே, எப்போது, எவ்வளவு உரக்க வாசிக்கப்படுகிறது என்பதில்தான் கண்ணும் குடலும் பிரிகின்றன. வாசிக்கப்படும் மரபணுவுக்கு ஆர்.என்.ஏ. என்னும் படி ஒன்று எடுக்கப்படுகிறது. அந்தப் படியைக் கொண்டு புரதம் உருவாகிறது. இதனையே மரபணு வெளிப்பாடு என்கிறார்கள்.

பழ ஈ மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சி. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் அதனை 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கன் நியூயார்க்கில் ஆராய்ச்சிக்குரிய உயிராக நிலைநாட்டினார். ஆனால் அதன் முட்டைக்குள் உடல் எவ்வாறு வகுக்கப்படுகிறது என்ற கேள்வியை முழு வீச்சில் எடுத்துக்கொண்டவர்கள் கிறிஸ்தியானே நியூஸ்லைன்-வோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் என்னும் இருவர். 1970-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் இருந்த ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருவரும் ஒரு சிறிய அறையைப் பகிர்ந்துகொண்டனர். ஆண் ஈக்களுக்கு மரபணுவைச் சிதைக்கும் வேதிப்பொருளைச் சர்க்கரை நீரில் கலந்து ஊட்டினர். அவற்றின் வழிவந்த பல்லாயிரம் குடும்பங்களில், முட்டையிலேயே மடிந்த புழுக்களை எடுத்து, இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தனர். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

நலமாகப் பிறக்கும் புழுவின் அடிப்பக்கம் வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் முன்பகுதியில் நுண்ணிய முட்கள், பின்பகுதி வழவழப்பு. செத்துக் கிடந்த புழுக்களில் இந்த ஒழுங்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகக் குலைந்திருந்தது. ஒன்றில் நடுப்பகுதி வளையங்களே இல்லை. ஒன்றில் ஒன்றுவிட்டு ஒன்று காணோம். இன்னொன்றில் வளையங்களின் வழவழப்பான பகுதி மறைந்து, அடிப்பக்கம் முழுதும் முள்ளாக மண்டிக்கிடந்தது. 1980 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையில் இத்தகைய 15 மரபணுக்களை அவர்கள் அறிவித்தனர். 1995-இல் எட்வர்ட் லூயிஸுடன் சேர்த்து இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெயர் வைத்த விதம் கவிஞர்களின் கவனத்துக்குரியது. ஈ ஆய்வாளர்களின் மரபுப்படி, ஒரு மரபணு இல்லாதபோது நேரும் கேடே அதன் பெயராகிறது. 'குரூப்பல்' என்றால் ஜெர்மனில் முடவன். 'ஃபுஷி தராசு' என்றால் ஜப்பானிய மொழியில் கணுக்கள் போதவில்லை என்று பொருள். உடலெங்கும் முள் மண்டிய புழுவைத் தந்த மரபணுவுக்கு 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது முள்ளெலி. முள்ளெலி என்னும் அந்த மரபணுவின் உண்மையான வேலை முள்ளை உண்டாக்குவதன்று. முள் முளைக்காத இடத்தைக் காப்பது. இருக்கும்போது செய்யும் பணியால் அறியப்படாமல், இல்லாதபோது விழும் பள்ளத்தால் அறியப்படும் சொற்கள் இவை. பெயரை மட்டும் படிப்பவர் பொருளைத் தலைகீழாகக் கொள்வர்.

சிதைவைக் கண்டார்கள், ஆனால் மரபணு பேசுவதைக் கண்ணால் காண்பது எப்படி? அதற்கான முறை எளிய ஒரு கருத்தின் மேல் நிற்கிறது. மரபணுவின் ஆர்.என்.ஏ. படியோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்தும் எதிர் இழை ஒன்றைச் செய்துகொள்வது. அதில் அடையாளம் ஒன்றைக் கட்டிவிடுவது. கருவை அதில் ஊறவைப்பது. எங்கெங்கே படி இருக்கிறதோ அங்கங்கே இழை ஒட்டிக்கொள்ளும். மற்றது கழுவினால் போய்விடும். தொடக்கத்தில் கதிரியக்க அடையாளத்தையே பயன்படுத்தினர்; கருவைச் சீவி, ஒளிப்படத் தகட்டுப் பூச்சின் மேல் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1989-இல் டீத்ஹார்ட் டவுட்ஸ், கிறிஸ்டீனே ஃபைஃபிள் ஆகிய இருவர் கருவைச் சீவாமல் முழுதாகவே நிறமூட்டும் வழியைக் கண்டனர். அதன்பின் மரபணு பேசும் இடம் நீலநிறப் பட்டையாகக் கண்முன் எழுந்தது. சாயம் ஏறிய முட்டையை முதன்முறை காண்போர் அதை நெசவு என்றே நினைக்கக்கூடும்.

அரை மில்லிமீட்டர் முட்டை அது. முதல் 13 பிரிவுகளில் உட்கருக்கள் பெருகுகின்றன. இடையில் சுவர் எழுவதில்லை. முட்டையின் ஒரு முனையில் தாய் முன்னதாகவே 'பைகாய்டு' என்னும் மரபணுவின் படியை வைத்துவிட்டிருக்கிறாள். அதிலிருந்து பிறக்கும் புரதம் அம்முனையில் அடர்ந்தும், போகப்போக நீர்த்தும் பரவுகிறது. அடர்த்தி மிகுந்த இடத்தில் தலை; குறைந்த இடத்தில் மார்பு. வோல்ஃப்கங் டிரீவரும் நியூஸ்லைன்-வோல்ஹார்ட்டும் 1988-இல் இதனை நிறுவினர். தாய் அதை வைக்க மறந்த முட்டையில் தலை எழுவதில்லை. தலை வரவேண்டிய முனையிலும் வாலே அமைகிறது.

கருவுற்று மூன்று மணி நேரத்தில் 'ஈவன்-ஸ்கிப்டு' என்னும் மரபணு ஏழு பட்டைகளாகப் பேசத் தொடங்குகிறது. இந்த ஏழு பட்டைகளையும் வரைவது ஒரே ஆணையாக இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். அப்படியில்லை. மரபணுவின் அருகே ஐந்து கட்டளைத் துண்டுகள் இருக்கின்றன. ஏழு பட்டைகளையும் அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டாம் பட்டைக்கென ஒரு துண்டு தனியே உண்டு. பைகாய்டும் 'ஹன்ச்பேக்'கும் அதனைப் பேசு என்கின்றன. முன்புறத்தில் 'ஜயன்ட்', பின்புறத்தில் 'குரூப்பல்' வாயை மூடு என்கின்றன. இரு தடைகளுக்கு நடுவே மிஞ்சிய சந்தில் ஒரு பட்டை பிறக்கிறது. மரபணுவின் எழுத்து ஒன்றாக இருக்க, அதனை எங்கே பேசவேண்டும் என்று ஆணையிடும் எழுத்து அதற்கு வெளியே, துண்டு துண்டாகக் கிடக்கிறது. பின்னால் மீன்களில் நேர்ந்தது புரிய இந்த ஒரு செய்தி போதும்.

இன்னொரு சோதனையையும் சொல்லாமல் கடக்க இயலாது. 'ஐலெஸ்', அதாவது கண்ணிலி என்று 1915 முதல் அறியப்பட்ட மரபணு ஒன்றுண்டு. அது பழுதானால் ஈயின் கண் சுருங்கும் அல்லது மறையும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வால்டர் கேரிங்கின் குழுவினர் அதனைப் பேசக்கூடாத இடங்களில் பேசவைத்தனர். ஈயின் இறக்கையில், காலில், உணர்கொம்பில் செக்கச் சிவந்த கூட்டுக்கண்கள் முளைத்தன. அதற்கு ஒத்த எலியின் மரபணுவைக் கொண்டும் செய்துபார்த்தனர். அப்போதும் முளைத்தது எலியின் கண்ணன்று, ஈயின் கண். 1995-இல் வெளியான ஆய்வு இது. 'இங்கே ஒரு கண் வேண்டும்' என்று மட்டுமே அந்த மரபணு சொல்கிறது. எத்தகைய கண் என்பதைக் கேட்கும் உடல் தன் மொழியில் முடிவு செய்துகொள்கிறது.

இனி மீன். கங்கைச் சமவெளியின் வயல்நீரிலும் ஓடைகளிலும் வாழும் விரலளவு மீன் ஒன்றை 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தம் கங்கை மீன்கள் நூலில் விவரித்தார். உடலில் நீல வரிகள் ஓடுவதால் வரிக்குதிரை மீன் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதனை ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 1981-இல் அவருடைய முதன்மைக் கட்டுரை வெளிவந்தது, 1984-இல் காலமானார். ஈயின் புழுவைச் செத்த பின்னரே படிக்க முடிந்தது. இந்த மீனின் கருவோ கண்ணாடி போன்றது. ஒரே நாளில் இதயம் துடிப்பதை உயிரோடு காணலாம். நியூஸ்லைன்-வோல்ஹார்ட் தம் ஆய்வை இம்மீனுக்கு மாற்றிக்கொண்டதற்கு இது ஒரு காரணம். 1996 டிசம்பரில் 'டெவலப்மென்ட்' இதழ் முழுவதுமே இம்மீனின் மாறிய மரபணுக்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஒரு மீனுக்கு அவ்வளவு பக்கங்களா என்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். 2013-இல் அதன் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியானபோது, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இம்மீனில் இணை உண்டு என்பது தெளிவாயிற்று.

அந்த இணைகளில் முள்ளெலியும் ஒன்று. 1993-இல் எலி, கோழி, மீன் மூன்றிலும் அது கண்டெடுக்கப்பட்டது. கணினி விளையாட்டொன்றில் ஓடும் நீலநிற முள்ளெலிப் பாத்திரத்தை நினைத்து, 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்று விளையாட்டாகப் பெயரிட்டனர். மூன்றாண்டு கழித்து, மனிதரில் இதே மரபணு பழுதானால் குழந்தையின் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் போகும் கொடிய நிலை ஏற்படக்கூடும் என்பது தெரிந்தது. பெற்றோர் முன்னே அமர்ந்து, ஒரு விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அந்தச் செய்தியை விளக்கவேண்டிய இக்கட்டு மருத்துவர்களுக்கு நேர்ந்தது. பெயரிடுவோர் அது யார் செவியில் போய் விழும் என்று எண்ணுவதில்லை.

இயற்கையில் ஒரு மீன் தன் உறுப்பை இழப்பது எவ்வாறு என்ற கேள்வியில்தான் இந்த ஆய்வுகள் எல்லாம் ஒன்று கூடுகின்றன. ஸ்டிக்கிள்பேக் என்னும் முள்முதுகு மீன் கடலில் வாழும்போது இடுப்பிலும் இரு முட்கள் தாங்கியிருக்கும். பனியுகம் முடிந்தபின் வட அமெரிக்க ஏரிகளில் சிக்கிக்கொண்ட கூட்டங்கள் சிலவற்றில் அந்த முட்கள் மறைந்துபோயின. பெரிய மீன்கள் துரத்தும் கடலில் முள் கேடயம். ஏரியின் அடியிலோ தட்டாரப்பூச்சியின் நீர்வாழ் இளம்புழு அந்த முள்ளைப் பிடித்தே மீனை இழுக்கும் என்று கருதுகிறார்கள். பூச்சியும் மீனும் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே சந்திக்கும் இடம் இது.

ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கிங்ஸ்லியின் குழு காரணத்தைத் தேடிப் போனது. 'பிட்எக்ஸ்-1' என்னும் மரபணுவில் குறை இருக்கும் என்று பார்த்தால், முள்ளற்ற மீனிலும் அதன் புரதத்துக்குரிய எழுத்து ஒன்றும் கெடாமல் இருந்தது. உடலின் பிற இடங்களில் அது பேசிக்கொண்டும் இருந்தது. இடுப்பில் மட்டும் மௌனம். 2004-இல் இவ்வளவு தெரிந்தது. 2010-இல் விடை முழுமையாயிற்று: இடுப்பில் பேசு என்று ஆணையிடும் கட்டளைத் துண்டு அறுந்து விழுந்திருந்தது, தொடர்பற்ற வெவ்வேறு ஏரிகளில் தனித்தனியே அறுந்திருந்தது. கடல் மீனின் துண்டைப் பிட்எக்ஸ்-1 மரபணுவோடு சேர்த்து முள்ளற்ற மீனின் முட்டையில் செலுத்தினர். வளர்ந்த மீனுக்கு இடுப்பு முள் திரும்பி வந்தது. இந்த மரபணுவையே முற்றாக இழந்த எலிக்குட்டிகள் பிழைப்பதில்லை. சொல்லை அழித்திருந்தால் மீனும் பிழைத்திராது. ஓரிடத்தில் மட்டும் சொல்லாமல் விட்டதால் அது ஏரியில் வாழ்கிறது.

மெக்சிகோவின் குகை மீன் இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது. ஆற்றில் வாழும் அதன் உறவினர்களுக்குக் கண் உண்டு. இருட்குகைக்குள் அகப்பட்ட கூட்டங்களுக்கு இல்லை. ஆயினும் குகை மீனின் கரு கண்ணை அமைக்கத் தொடங்குகிறது! தொடங்கிய பின் உள்ளே வில்லை மடிகிறது. கண் சுருங்கித் தோலடியில் புதைகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜெஃப்ரியும் யோஷியூகி யமமோட்டோவும் ஆற்று மீன் கருவின் வில்லையை எடுத்துக் குகை மீன் கருவின் ஒரு பக்கத்தில் வைத்தனர். அந்தப் பக்கத்தில் மட்டும் கண் முழுதாக வளர்ந்தது. இது 2000-இல். 2004-இல் கண்டது அதைவிட வியப்பு. குகை மீனின் கருவில் முள்ளெலி மரபணு பேசும் எல்லை அகன்றிருந்தது. ஆற்று மீனின் கருவில் அதன் படியை மிகுதியாகச் செலுத்தியபோது, அதன் கண்ணும் அழிந்தது. மௌனத்தால் முள் போனது. மிகுதியாகப் பேசியதால் கண் போனது. அதே மிகைப் பேச்சுதான் குகை மீனுக்குத் தாடையை அகலமாக்கி, சுவை மொட்டுகளைப் பெருக்கியும் தருகிறது என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹைடல்பெர்க்கில் ஒரு புழுவின் வயிற்றில் முதன்முதலில் இல்லாமையாகக் கண்ட மரபணு, இருட்டில் இரை தேடும் மீனின் வாயில் இவ்வாறு வந்து சேர்ந்தது.

குகைகள் பல. ஒவ்வொன்றிலும் அடைபட்ட கூட்டம் மற்றதை அறியாமல் தனியே குருடானது. ரிச்சர்ட் போரோவ்ஸ்கி நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருவேறு குகைகளின் குருட்டு மீன்களை இணைசேர்த்தார். ஒரு குகையில் கெட்டது மற்றொரு குகையில் கெடாமல் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒளியைக் கண்டிராத பெற்றோருக்குப் பிறந்த குஞ்சுகளில் சில கண்ணோடு பிறந்தன. அவற்றால் பார்க்கவும் முடிந்தது. 2008-இல் அந்த முடிவு வெளியாயிற்று.