இணையவழி ஸ்பானிய மொழிக் கல்வியும் தமிழ் மாணவரும்



பிறமொழி ஒன்றைக் கற்க விரும்பியவர் அம்மொழி வழங்கும் நாட்டிற்குச் சென்றாக வேண்டும். இல்லையேல் அம்மொழி அறிந்த ஆசிரியர் ஒருவரைத் தேடி அடைய வேண்டும். நெடுங்காலம் இதுவே நிலையாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. மாட்ரிட் நகரையோ மெக்சிகோ நகரையோ கண்ணால் காணாத ஒருவர், தம் வீட்டிலிருந்தபடியே, இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கி, ஸ்பானிய மொழியின் முதற்பாடத்தைத் தொடங்கிவிட முடிகிறது. ஸ்பெயின் அரசு 1991ஆம் ஆண்டில் தோற்றுவித்த செர்வாந்தேஸ் நிறுவனம் இணையவழியிலும் பாடம் நடத்துகிறது. 2012இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட டுவோலிங்கோ போன்ற செயலிகள், சொற்களையும் தொடர்களையும் விளையாட்டுப் போலக் கைப்பேசியிலேயே பயிற்றுவிக்கின்றன. 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்குவதும், ஏறத்தாழ 50 கோடி மக்களுக்குத் தாய்மொழியாக இருப்பதுமான ஒரு மொழியைக் கற்கப் பலரும் முன்வருவதில் வியப்பில்லை.

எனினும் இங்கே ஒரு வினா எழுகிறது. இவ்வகுப்பில் சேரும் தமிழ் மாணவர் ஸ்பானிய மொழியை எதனோடு ஒப்பிட்டுக் கற்கிறார்? பெரும்பாலான பாடங்களில் விளக்கங்கள் ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. ஆகவே அவர் ஸ்பானியத் தொடரை ஆங்கிலத்திற்கு மாற்றி, பின்னர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிப் பொருள் உணர்கிறார். இச்சுற்றுவழியில் அவர் இழப்பது யாது, நேர்வழி உண்டா என்பதே இவ்வுரையின் பொருள்.

அயலார்க்கு ஸ்பானியம் கற்பிக்கும் முயற்சி இணையத்தோடு பிறந்ததன்று. 1492ஆம் ஆண்டில் அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் அறிஞர், காஸ்தீலிய மொழி என வழங்கிய ஸ்பானியத்திற்கு இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டு, அரசி இசபெல்லாவிற்கு உரிமையாக்கினார். ஐந்து பகுதிகள் கொண்ட அந்நூலின் இறுதிப் பகுதி, வேற்றுமொழியாளர் இம்மொழியைக் கற்கத் துணையாக எழுதப்பட்டது. இன்றைய தொடக்க வகுப்பின் மூதாதை அப்பகுதியே எனலாம்.

தமிழ் கற்க வந்த அயலாரும் இத்தகைய துணையைத் தமக்குத் தாமே ஆக்கிக்கொண்டனர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம், 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். ஐரோப்பியப் பாதிரிமார் நன்கு அறிந்திருந்த மொழி இலத்தீன். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வது கல்வியின் இயல்பு. அவர்கள் அவ்வியல்பை உணர்ந்து நடந்தனர். தமிழர் பிறமொழி கற்கும்போது மட்டும் தாம் நன்கு அறிந்த தமிழை வாயிலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே செல்வது பொருந்துமா?

முதலில் ஒலியை நோக்குவோர்க்கு உண்மை எளிதிற் புலப்படும். ஸ்பானியத்தில் அடிப்படை உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலத்தில் ஓர் உயிரெழுத்து இடத்திற்கேற்பப் பல ஒலிகளைப் பெறும். ஸ்பானியத்தில் அக்குழப்பம் இல்லை. தமிழ் உயிரொலிகளில் பயின்ற நாவிற்கு இவ்வைந்தும் புதியன அல்ல. ஆண்டு எனப் பொருள்படும் 'ஆஞோ' என்ற சொல்லின் நடுவே வரும் மெய்யெழுத்து, தமிழ் ஞகரத்தின் ஒலியே. 'பெரோ' என இடையின ரகரம் கொண்டு ஒலித்தால் 'ஆனால்' என்று பொருள். 'பெறோ' என வல்லின றகரம் அதிர ஒலித்தால் 'நாய்' என்று பொருள். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் இவ்வேறுபாட்டிற்காகப் பல வாரங்கள் உழல்வர். தமிழிலோ 'கரை', 'கறை' என்ற வேறுபாடு எழுத்தில் என்றும் உண்டு. பல வட்டாரங்களின் பேச்சில் அது மங்கிவிட்டபோதிலும், கன்னியாகுமரி மாவட்டத்தார் நாவில் இன்றும் நின்று நிலவுகிறது. ஸ்பானிய வகுப்பு, மாணவரை அவர் மறந்துவிட்ட றகரத்திற்கே திருப்பி அழைத்து வருகிறது.

அடுத்து வினைச்சொல். ஸ்பானியத்தில் 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'ஆப்லாஸ்' என்றால் 'பேசுகிறாய்'. 'ஆப்லாமோஸ்' என்றால் 'பேசுகிறோம்'. வினையின் விகுதியே பேசுவோர் யார் என்பதைக் காட்டிவிடுவதால், 'நான்', 'நீ' என்ற எழுவாயைத் தனியே கூறவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. தமிழிலக்கணம் தோன்றா எழுவாய் என்று கூறுவது இதுவே. ஆங்கிலவழி கற்பவர் ஒவ்வொரு தொடரிலும் எழுவாயை வலிந்து நுழைத்துப் பின்னர் அதனை நீக்கக் கற்கிறார். தமிழ்வழி நோக்குபவர்க்கு நீக்குவதற்கு எதுவும் இல்லை.

மூன்றாவதாக, தொடக்க மாணவர் பலரும் அஞ்சும் ஓர் அமைப்பு உண்டு. 'மே குஸ்தா எல் கஃபே' என்ற தொடரை ஆங்கிலவழிப் பாடங்கள், தலைகீழாக அமைந்த விந்தைத் தொடர் என எச்சரித்து விளக்குகின்றன. அதன் பொருள், 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதே. 'மே' என்பது 'எனக்கு'. 'குஸ்தா' என்பது 'பிடிக்கும்'. 'மே துவேலே லா கபேசா' என்பது, 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதாம். நான்காம் வேற்றுமை ஏற்ற பெயரோடு விருப்பத்தையும் வலியையும் உரைப்பது தமிழர்க்குப் பிறந்தநாள் தொட்டு வந்த வழக்கு. தமிழில் இயல்பாய் இருப்பதை ஆங்கிலத்தின் வழியே பார்த்து விந்தையெனக் கற்பது, கைப்புண்ணைக் காணக் கண்ணாடியை நாடுவது போன்றதாகும்.

'இரு' என்ற வினையிலும் இத்தகைய உதவி கிட்டும். ஆங்கிலத்தின் ஒரே வினைக்கு ஈடாக ஸ்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் உள்ளன. 'அவர் மருத்துவர்' என்று கூறச் 'செர்' வரும். 'அவர் களைப்பாக இருக்கிறார்', 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்று கூற 'எஸ்தார்' வரும். முதல் தொடரில் தமிழ் வினையே இன்றிப் பெயர்ப்பயனிலையால் முடிகிறது. மற்ற இரண்டிலும் 'இரு' என்ற வினை வருகிறது. இப்பொருத்தம் எல்லா இடத்தும் செல்லாது. 'அவர் உயரமாக இருக்கிறார்' என்ற தமிழ்த் தொடருக்கு ஸ்பானியத்தில் 'செர்' என்ற வினையே வரும். ஆயினும் முதல் மாதத்தில் தடுமாறும் மாணவர்க்கு இஃது ஊன்றுகோலாகும்.

தமிழ் எல்லாவற்றிற்கும் விடை தரும் என்று கூறுவது மிகை. ஸ்பானியத்தில் உயிரற்ற பொருட்பெயர்க்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. உயர்திணை, அஃறிணை எனப் பகுத்துப் பழகியவர்க்கு இது புதுமையே. தமிழில் 'மேசை' என வழங்கும் சொல் போர்ச்சுகீசியர் வழி வந்தது. 'அலமாரி', 'பீப்பாய்' ஆகியனவும் அவ்வாறு வந்தவை. போர்ச்சுகீசியத்தின் உடன்பிறந்த மொழியாகிய ஸ்பானியத்தில் 'மேசா' என்ற சொல்லைக் கண்டதும் தமிழ் மாணவர் மகிழலாம். ஆனால் அங்கே அது பெண்பால் என்பதைப் புதிதாக நினைவிற் கொள்ளவேண்டும். ஒகரத்தில் முடியும் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால் என்ற விதியை நம்பினால், கை எனப் பொருள்படும் 'மானோ' பெண்பாலாக வந்து ஏமாற்றும். அசை அழுத்தமும் அத்தகையதே. 'பபா' என்ற சொல்லின் ஈற்றசையை அழுத்திச் சொன்னால் தந்தை. முதலசையை அழுத்திச் சொன்னால் இலத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. பொருள் வேறுபாட்டிற்கு அசையழுத்தத்தைப் பயன்படுத்தாத தமிழில் பழகிய செவி, இங்கே விழிப்போடு இருத்தல் வேண்டும்.

இணையவழிக் கல்வியின் இயல்பையும் அறிந்துகொள்ளுதல் நன்று. கற்ற சொல்லை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவூட்டும் முறை இதன் வலிமை. மறதியின் போக்கை ஆராய்ந்து எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885இல் வெளியிட்ட முடிவுகள் இம்முறைக்கு அடித்தளமாயின. நாள்தோறும் சிறிது நேரம் கற்பது, வாரத்தில் ஒருநாள் நெடுநேரம் கற்பதினும் பயன் மிக்கது. ஆனால் திரையில் தோன்றும் நான்கு விடைகளுள் சரியானதைத் தொட்டுக் காட்டுவது வேறு. எதிரே நிற்பவரிடம் சொல்லைத் தேடி எடுத்துப் பேசுவது வேறு. முன்னது அடையாளம் காணுதல். பின்னது நினைவிலிருந்து ஆக்குதல். நூறு நாள் இடைவிடாது பயின்றோம் என்று செயலி பாராட்டினும், வாய் திறவாதவர் மொழி கற்றவர் ஆகார். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்தகுதிப் படிநிலைகள் ஆறனுள் முதற்படியாகிய 'ஏ1' நிலையே, தம்மை அறிமுகம் செய்துகொள்ளவும், மெல்லப் பேசுவோரிடம் எளிய வினாக்களைக் கேட்டு விடை கூறவும் வல்லவராதலைக் கோருகிறது. ஆகவே பேச்சுத்துணை ஒருவரைத் தேடிக்கொள்ளுதல் தொடக்க நாளிலிருந்தே இன்றியமையாதது.

இலக்கிய வட்டத்தின் மேடையில் இவற்றையெல்லாம் உரைப்பானேன் என்று சிலர் கருதலாம். காரணம் உண்டு. ஸ்பானிய இலக்கியம் தமிழ் வாசகர்க்கு அயலானதன்று. நெரூதாவின் கவிதைகளும் போர்ஹெஸின் கதைகளும் தமிழில் பல்லாண்டுகளாகப் படிக்கப்பட்டு வருகின்றன. கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட பெருநாவல், 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்ற பெயரில் 2013இல் தமிழில் வெளிவந்தது. மெக்சிகோவின் கவிஞர் ஒக்தாவியோ பாஸ், 1962 முதல் 1968 வரை இந்தியாவில் தம் நாட்டுத் தூதராக வாழ்ந்தவர். இவ்வளவு நெருக்கம் இருந்தும், ஸ்பானிய நூல்கள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்துள்ளன. அம்மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பு போற்றுதற்குரியது. அவர்கள் இல்லையேல் அந்நூல்களே தமிழில் இல்லை. ஆயினும் சுற்றுவழியில் சில பொருள்கள் உதிர்ந்துவிடுகின்றன.

ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டினால் போதும். ஸ்பானியத்தில் நெருங்கியவரை 'தூ' என்றும், மதிப்பிற்குரியவரை 'உஸ்தேத்' என்றும் விளிப்பர். 'உங்கள் அருள்' எனப் பொருள்படும் பழைய மதிப்புத் தொடர் ஒன்று சுருங்கியதே 'உஸ்தேத்'. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்பன போன்றவை இவை. ஒரு கதையில் இருவர் 'உஸ்தேத்' என்று பேசிவந்து, ஒருநாள் 'தூ' என்று மாறினால், அவ்விடத்தில் அன்போ சினமோ பிறந்துவிட்டது என்று வாசகர் அறிவர். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். ஆகவே ஆங்கிலப் பக்கத்தில் அம்மாற்றம் மறைகிறது. அதனைக் கொண்டு தமிழாக்குபவர், எவ்விடத்தில் 'நீ', எவ்விடத்தில் 'நீங்கள்' என்று தாமே ஊகித்து எழுதவேண்டியவராகிறார். மூலநூலில் இருந்தது, தமிழிலும் அதற்கு இடம் இருந்தது, இடையே நின்ற மொழியில் மட்டும் அது இல்லை. இதனினும் வருந்தத்தக்க இழப்பு வேறு உண்டோ?

இங்கும் இயந்திரம் போல ஈடுகட்டுதல் ஆகாது. கொலம்பியாவின் மலைநாட்டுப் பகுதிகளில் நெருங்கிய உறவினர்க்குள்ளும் 'உஸ்தேத்' வழங்குவதுண்டு. அர்ஜென்டினாவில் 'தூ' என்பதற்கு மாற்றாக 'வோஸ்' வழங்கும். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணவர் மனைவியை 'நீ' என, மனைவி கணவரை 'நீங்கள்' என விளிப்பது போல, அங்கும் ஊருக்கொரு வழக்கு உண்டு. இவற்றை உணர்ந்து தெரிவு செய்ய வல்லவர், மூலமொழி அறிந்த தமிழரே. அவர் தம் பயணத்தைத் தொடங்கும் இடம், இன்றைய நிலையில் பெரும்பாலும் ஓர் இணையவழித் தொடக்க வகுப்பாகவே இருக்கும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டமும் இதுபோன்ற அமைப்புகளும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. அரிய பொருட்செலவு எதுவும் அதற்கு வேண்டுவதில்லை. ஸ்பானிய இலக்கணத்தைத் தமிழிலக்கணத்தின் துணைகொண்டு விளக்கும் சிறுநூல் ஒன்று வேண்டும். நாற்பது பக்கங்கள் போதும். இணையத்தில் கற்போர் அதனை அருகில் வைத்துக்கொண்டு பயிலலாம். ஒரே ஊரில் கற்போர் சிலர் வாரம் ஒருமுறை கூடி, பிழைக்கு அஞ்சாது அம்மொழியில் உரையாடலாம். அவர்களுள் பத்துப்பேர் தொடங்கி ஒருவர் நிலைத்து நின்றாலும் போதும். ஆண்டுகள் சில கழித்து அவர் ஒரு சிறுகதையை ஸ்பானியத்திலிருந்து நேரே தமிழாக்குவார். அக்கதையில் வரும் இருவர், எப்போது 'நீங்கள்' என்று பேசினர், எப்போது 'நீ' என்று மாறினர் என்பதைத் தமிழ் வாசகர் ஊகமின்றி அறிவர்.