கண்ணில் நீர் வடிந்தாலும் கண் வறண்டிருக்கலாம்

(தோட்டக் கலாசார மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



கொழுந்து குறைந்த மாதங்களில் நம்ம தோட்டத்துக் குடும்பங்கள் சில புத்தளம் பக்கம் உப்பளத்துக்கும் கருவாட்டு வாடிக்கும் வேலைக்குப் போய் வருவது உங்களுக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து வர நாங்கள் பாலாவிக்குப் போயிருந்தோம். அங்கே நம்ம லயத்து அக்கா ஒருவர் கண் சிவந்து நின்றார்.

"ஐயா, கண்ணுக்குள்ள மண்ணு கெடக்கிற மாதிரி உறுத்துது. தண்ணி வேற வடியுது" என்றார். பக்கத்து வாடியில் யாரோ கொடுத்த சொட்டு மருந்தை நாலு மாதமாக விட்டு வந்திருக்கிறார். விட்டதும் சிவப்பு குறையுமாம், பிறகு திரும்ப வருமாம்.

அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் சொன்னது, "இது கண் வறட்சி." அக்கா கேட்டார்: "தண்ணி வடியிற கண்ணு எப்படிங்கய்யா வறண்டு போகும்?"

நல்ல கேள்வி. நம் கண்ணின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அடியில் வழுவழுப்பு, நடுவில் தண்ணீர், மேலே எண்ணெய். எண்ணெய் மிதக்கும் தண்ணீர் சீக்கிரம் காயாது அல்லவா? இமை ஓரத்துச் சுரப்பிகள் அடைபட்டு எண்ணெய் குறைந்தால் கண்ணீர் காய்ந்துவிடும். கண் உறுத்தும். உறுத்தலைத் தாங்காமல் கண் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீர் கன்னத்தில் வழியுமே தவிர, கண்ணில் நிலைத்து நிற்காது.

உப்பளத்தில் வெயில், வெள்ளை உப்பின் கூச்சம், ஓயாத காற்று. கற்பிட்டிப் பக்கம் காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கிற அளவுக்குக் காற்று வீசுகிறது. ஆனால் இது உப்பளத்து நோய் மட்டும் அல்ல. நம்ம காம்பராவில் அடுப்புப் புகை இருக்கிறது. இமைக்காமல் போன் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வயது, மாதவிடாய் நின்ற காலம், நீரிழிவு, மூட்டுவாதம், தடிமனுக்குக் குடிக்கும் சில குளிசைகள், இவையும் கண்ணை வறட்டும். கண்ணோடு வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சோதனைக்குப் பயப்பட வேண்டாம். 1903இல் ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் சொன்ன முறை இன்றும் நடக்கிறது. சிறு காகிதத் துண்டைக் கீழ் இமைக்குள் மடித்து வைத்து 5 நிமிடம் விடுவார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகத் தண்ணீர் போதும். 5க்குக் கீழே என்றால் நன்றாகக் குறைவு. பிறகு மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் இமைக்காமல் இருக்கச் சொல்வார்கள். 10 செக்கனுக்குள் படலம் உடைந்தால் அதுவும் வறட்சியின் அடையாளம். அக்காவுக்கு நாலைந்து செக்கனிலேயே உடைந்தது.

வைத்தியம் எளிது. சுத்தமான துணியை இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள், காலையும் மாலையும். பிறகு இமையை மெதுவாக நீவி, இமைமுடி ஓரத்தைத் துடையுங்கள். டாக்டர் எழுதும் செயற்கைக் கண்ணீர் மருந்தைச் சொன்னபடி விடுங்கள். சாதாரணப் போத்தலைத் திறந்தால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருக்கப் பதார்த்தம் சேர்க்காத மருந்து உண்டா என்று கேளுங்கள். வெயிலிலும் காற்றிலும் கண்ணாடி போடுங்கள். அடுப்புப் புகை வெளியே போக வழி செய்யுங்கள்.

செய்யக்கூடாதது: தாய்ப்பால், தேன், பூச்சாறு எதையும் கண்ணில் விடக்கூடாது. இன்னொருவர் மருந்தை விடவே கூடாது. அக்கா விட்டது ஸ்டீரொயிட் மருந்து. டாக்டர் பார்க்காமல் மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுப்போகலாம். அக்காவுக்கு ஒரு கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போய்விட்டது. அப்படிப் போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இப்போது மருந்து.

கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துத் தண்ணி தெறித்தால் உடனே சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுப் போங்கள். சின்னப் பிள்ளைக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை என்றால் அது விற்றமின் ஏ குறைவாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

அந்த அக்காதான் எங்களிடம் சொன்னார்: "என் பேரு வேணாம், ஆனா இத நம்ம ஆளுங்ககிட்ட சொல்லுங்கய்யா." சொல்லிவிட்டோம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அலமாரியில் கிடக்கும் பழைய கண் மருந்துப் போத்தல்களை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வாருங்கள். எது யாருடையது, எது இன்னும் தேவை என்று கேட்டுப் பார்ப்போம்.