காணொளிக் கூட்டமும் காரியாலயத் தீச்சுவரும்

குறித்த நேரத்துக்கு உத்தியோகத்தர்கள் கூட்ட அறையில் வந்து அமர்கின்றனர். திரையில் வெளிநாட்டு நிறுவனத்தாரின் பெயர்கள் தோன்றுகின்றன. அழைப்பு இணைந்துவிட்டது என்ற செய்தியும் வருகின்றது. ஆயினும் முகமில்லை, குரலுமில்லை. சில வேளைகளில் இவர்கள் பேசுவதை அவர்கள் கேட்கின்றனர். அவர்கள் பேசுவது இவர்களுக்கு எட்டுவதில்லை. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பதும், கணினியை அணைத்து மீண்டும் இயக்குவதும், ஈற்றில் எதிர்த்தரப்பாரைக் குறைகூறுவதும் நேயர்கள் பலரும் கண்ட காட்சிகளே. நெடுநாள் எதிர்பார்த்த ஒப்பந்தமோ, ஓர் இளைஞனின் நேர்முகப் பரீட்சையோ இவ்வாறு கைநழுவிப் போவதுமுண்டு.

ஒரு காணொளி அழைப்பு ஒரே வழியாற் செல்வதன்று என்பதை உணர்ந்தால் இப்புதிர் அவிழும். யார் அழைக்கின்றார், யார் ஏற்றார் என்னும் சைகைச் செய்தி ஒரு வழியாற் செல்கின்றது. குரலும் உருவமும் மற்றொரு வழியாற் செல்கின்றன. சைகைச் செய்தி பெரும்பாலும் இணையத்தளங்களுக்குரிய 443ஆம் இலக்கத் துறையால் வெளியேறும். அத்துறை பொதுவாகக் காரியாலயங்களில் திறந்தே இருக்கும். குரலும் உருவமுமோ யூ.டி.பி. என்னும் முறையில் வேறு துறைகளை நாடுகின்றன. மைக்ரோசொப்ட் ரீம்ஸ் 3478 முதல் 3481 வரையும், சூம் 8801 முதல் 8810 வரையும் உள்ள துறைகளைப் பயன்படுத்துகின்றன. தீச்சுவர் இவற்றை மறித்துவிட்டால், மணி ஒலிக்கும்; குரல் வராது.

இதற்கென வேறு முறை ஏன் எனலாம். ரி.சி.பி. முறையில் ஒரு பொதி வழியிலே தொலைந்தால், அது மீண்டும் வந்துசேரும் வரை பின்வருவன காத்துநிற்கும். கடிதத்துக்கு அது பொருந்தும், உரையாடலுக்குப் பொருந்தாது. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் அடங்குவது நன்றென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. யூ.டி.பி. தொலைந்ததை விட்டு மேலே செல்லும். காரியாலயத்துக்கும் இணையத்துக்கும் இடையே நின்று ஏவல் செய்யும் பதிலிச் சேவையகமோ பொதுவாக ரி.சி.பி.யை மட்டுமே ஏற்கும். அதன் வழியே குரல் வலிந்து செலுத்தப்படும்போது சொற்கள் முறிந்து முறிந்து விழுகின்றன. மறைகுறியிட்ட செய்தியைப் பதிலி பிரித்துப் பார்த்துத் தன் சான்றிதழை இட்டு அனுப்பினால், செயலி அதனை நம்பாது அழைப்பையே கைவிடவுங்கூடும்.

ஒருபக்கக் குரலுக்குக் காரணம் வேறு. உள்ளிருக்கும் கணினி தன் உள்முகவரியையே எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிடுகின்றது. வெளியுலகில் அம்முகவரிக்குப் பொருளில்லை. கணினிக்கு அதன் வெளிமுகவரியை அறிவிப்பதற்கு ஸ்ரன் சேவையகமும், அதுவும் பயன்படாதவிடத்து இருபக்கத்துப் பொதிகளையும் வாங்கிக் கடத்துவதற்கு ரேன் சேவையகமும் ஏற்பட்டன. சில தீச்சுவர்கள் தாமே முகவரியைத் திருத்தி உதவ முற்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவது வேடிக்கை! சிப் முறையில் அமைந்த அழைப்பு ஏறத்தாழ 32 செக்கனில் தவறாது அறுந்தால், இறுதி ஒப்புதற் செய்தி உரிய இடத்தை அடையவில்லை என்று ஐயுறலாம்.

பழுதைத் தேடுவோர் முதலில் அதே கணினியைக் கைத்தொலைபேசியின் இணைப்பில் இட்டு அழைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கே குரல் தெளிவாயின், பழுது காரியாலய வலையமைப்பில் உள்ளது. பின்னர் அழைப்பு நிகழ்ந்த நிமிடத்துக்குரிய தீச்சுவர்ப் பதிவேட்டைப் புரட்டுதல் வேண்டும். வயர்ஷார்க் போன்ற மென்பொருளாற் பார்க்கையில் பொதிகள் வெளியே சென்றும் விடை ஒன்றும் திரும்பாதிருந்தால், வழி மறிக்கப்பட்டுள்ளது என்ற ஐயம் வலுப்பெறும்.

கூட்டம் தொடங்கும் பதற்றத்தில் தீச்சுவர் முழுவதையும் திறந்துவிடும் பொறுப்பாளர்களும் உளர். கூட்டம் இனிது நடக்கும். திறந்ததை மூட மறந்துவிடுவர். பொறுப்பற்ற செயல் அது. உள்ளிருந்து புறப்பட்ட பொதிக்கு வரும் விடையைத் தீச்சுவர் தானே அனுமதிக்குமாதலால், உள்நோக்கிய துறைகளைத் திறக்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. சேவை வழங்குவோர் வெளியிடும் முகவரிகளுக்கும் துறைகளுக்கும் மட்டும் வெளிநோக்கி வழிவிட்டு, அவற்றைப் பதிலியின் சோதனையினின்றும் விலக்கினாற் போதும். அம்முகவரிப் பட்டியல் அவ்வப்போது மாறுவது. ஆகவே, முக்கியமான கூட்டத்துக்கு முதல்நாளே பட்டியலை ஒப்புநோக்கி, வெளியார் ஒருவரை அழைத்துப் பார்த்துவிடுதல் நன்று.